லோடு இருக்கும்போது

மஞ்சள் விளக்கு முதலில் எரிந்தது
திருப்பாலைக்குடி உப்பளத்துக்குப் பக்கத்தில்,
ஒரு கிடை ஆடு ரோட்டைக் கடந்து முடித்த பிறகு.
ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன்.
கால் இறங்குகிறது, வண்டி கேட்கவில்லை.
மூன்று எண்ணுவதற்குள் இழுவை திரும்பி வந்தது
ஒன்றும் நடக்காததுபோல.
பின்னால் வந்த அரசுப் பேருந்து
என் பிறப்பைப் பற்றி ஹாரனில் பேசிவிட்டுப் போனது.

மோர்ப்பண்ணையில் ஏற்றுவது பதினெட்டுப் பெட்டி நண்டு.
மண்டபம் கம்பெனியில் ஒன்பது மணிக்குள் இறக்க வேண்டும்.
ஐஸ் கரைந்தால் விலை குறையும்,
விலை குறைந்தால் ஏழாம் தேதி
பைனான்ஸ்காரன் குரல் கூடும்.

இறக்கி, கழுவி, திரும்பும் வழியில்தான்
உச்சிப்புளி. சீனி உதுமான் பட்டறை.
வயரைச் செருகிக் கருவியைப் பார்த்தார்.
பெடல் சென்சார் என்று அது ஒரு பெயரைச் சொன்னது.
பெயரைச் சொன்னது, இடத்தைச் சொல்லவில்லை.
பெடலை மாற்றினோம். நாலாயிரத்து இருநூறு.
மறுநாள் பெருங்குளம் தாண்டி மறுபடி எரிந்தது.
டீசல் பில்டரை மாற்றினோம்.
எர்த் வயரைச் சுரண்டி முறுக்கினோம்,
அதற்கு நான்கு நாள் மரியாதை கொடுத்தது.
ஐந்தாம் நாள் ரயில்வே கேட் திறந்ததும்
தண்டவாளத்தின் மேலேயே
மூன்று நொடி.

"எங்கிட்ட வரும்போது நல்லாத்தானே ஓடுது" என்றார்.
ஆமாம். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிடும் பல்வலி மாதிரி.
இரவில் என்மேலேயே சந்தேகம் வந்தது.
தூக்கக் கலக்கத்தில்
நான்தான் காலை எடுத்துவிடுகிறேனோ?

எரியும்போதெல்லாம் எழுதி வை என்றார்.
ஐஸ் பில்லின் முதுகில் எழுதினேன்:
செவ்வாய், தேவிபட்டினம் வளைவு, கொண்டல் காற்று.
புதன் இல்லை, அன்று பாதி லோடு.
வியாழன் வேகத்தடை, பள்ளிக்கூடத்துப் பக்கம்.
வெள்ளி கேட்.
சனி, குறுக்கே வந்த ஒரு மொபெட்.
காற்றைச் சந்தேகப்பட்டேன், வாடை விழுந்த நாளிலும் எரிந்தது.
டீசலைச் சந்தேகப்பட்டு பங்க்கை மாற்றினேன்.
அந்தப் பையனிடம் முகம் கொடுக்கவே இன்னும் கூச்சம்.

சீட்டை இரண்டு தடவை வாசித்தார்.
"காலி வண்டியில ஒருதடவையாச்சும்?"
இல்லை.
"அப்ப நான் பாத்ததெல்லாம் வேற வண்டி, முத்துராக்கு."

திங்கள் விடியுமுன் தொண்டி பஸ்ஸில் வந்து இறங்கினார்
ஒரு டார்ச்சும் பழைய துண்டுமாக.
பெட்டிகளுக்கும் கேபினுக்கும் நடுவே
தன்னைத் திணித்துக்கொண்டு,
போ, போ, என்று தகரத்தைத் தட்டினார்.
உப்பளம் வந்தது.
"இப்ப பிரேக்கப் போடு!"
போட்டேன்.
பெட்டிகளுக்கடியில் கரைந்து கிடந்த தண்ணீரெல்லாம்
நண்டு வாடையோடு முன்னால் ஓடி வந்து
அவர் கைலியை நனைத்தது.
அவர் சிரிப்பதுதான் முதலில் கேட்டது.
அப்புறம்தான் விளக்கு எரிந்தது.

என் சீட்டுக்குப் பின்னால், தகரத்தில்
உப்பு தின்ற ஒரு ஓட்டை, மொச்சைக்கொட்டை அளவு.
அதற்கு நேர் கீழே வயர்கள் கைகோக்கும் பிளக்.
பிரித்துக் காட்டினார்: உள்ளே ஊசிகளில்
பச்சையாகக் களிம்பு,
பூஜைச் செம்பைத் துலக்காமல் விட்டதுபோல.
துலக்கி, வாஸ்லின் தடவி,
சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டி,
ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்தார்.
எழுபது ரூபாய்ச் சாமான்.

கூலி கேட்டேன்.
"பெடல் காசுல கழிச்சுக்க" என்றார்
என் முகத்தைப் பார்க்காமல்.

ஒன்பது நாளாக எரியவில்லை.
கேட்டில் பிரேக் போட்டால்
கண் தானாக மீட்டருக்குப் போகிறது.
கழற்றிய பெடல் டேஷ்போர்டுக்குள் கிடந்து
பள்ளம் வந்தால் உருள்கிறது.
எடைக்குப் போட மனசில்லை.
அது நல்ல பெடல்.